குலசேகரத்து ரப்பர் கொட்டகையில் ஒரு வாக்காளர்

அவையோருக்கு வணக்கம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் வரும் அரசியல் பார்வையாளர்களில் பலர், முடிவை முன்கூட்டியே எழுதி எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். இங்கே இந்து என்றால் தாமரை, கிறிஸ்தவர் என்றால் கை. அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை என்பது அந்த முடிவு. ஆதாரமாக 1982ஆம் ஆண்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காட்டுக் கலவரத்தைச் சொல்வார்கள். அந்தக் கலவரம் விட்டுச் சென்ற பிளவை நான் மறுக்கவில்லை. ஆனால் பிளவு இருப்பது வேறு. அதைக் கொண்டு ஒவ்வொருவர் வாக்கையும் கணித்துவிடலாம் என்று நம்புவது வேறு.

2019 மக்களவைத் தேர்தல் முடிந்து, தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருந்த நேரம். சென்னையிலிருந்து வந்திருந்த ஆய்வு மாணவர் ஒருவரை அழைத்துக்கொண்டு தக்கலையிலிருந்து பேச்சிப்பாறைக்குக் காரில் சென்றேன். குலசேகரம் தாண்டியதும் மழை கண்ணை மறைத்ததால், சாலையோரத்து ரப்பர் கொட்டகை ஒன்றில் ஒதுங்கினோம். அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர், ஆசிட் ஊற்றி உறைய வைத்த ரப்பர் பாலைத் தட்டிலிருந்து கவிழ்த்து, கையால் அழுத்திப் பரப்பி, ரோலருக்குள் கொடுத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் சந்தனம், சுவரில் மண்டைக்காட்டு அம்மன் படம். மாணவர் என் காதருகே குனிந்து, “இந்த வீட்டு வாக்கு எங்கே போயிருக்கும் என்று கேட்கவே வேண்டாம்” என்றார். கேட்டுத்தான் பாருங்களேன் என்றேன்.

அந்த அம்மா சக்கரத்தைச் சுற்றும் கையை நிறுத்தாமலே பதில் சொன்னார்: 1999இல் தாமரை, 2004இல் அரிவாள், 2014இல் மறுபடியும் தாமரை, இந்த முறை கை. “எம்.பி.க்குப் போடுறது ரப்பர் விலைக்காக்கும் மக்களே. எம்.எல்.ஏ.க்குப் போடுறது ரோட்டுக்கும் பட்டாவுக்கும். ரெண்டும் ஒண்ணில்ல.”

இந்தப் பிரிவினையில் ஒரு பிழையும் இல்லை. ரப்பர் வாரியமும் இறக்குமதி வரியும் மத்திய அரசின் கையில் இருக்கின்றன. 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர் ஷீட்டின் விலை, 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. ஆர்.எஸ்.எஸ்.-4 என்ற தரத்துக்கான விலையைத்தான் சொல்கிறேன். பெயரைக் கேட்டுப் புன்னகைப்பவர்களுக்காகச் சொல்கிறேன், அது ஷீட்டின் தரப்பெயர் மட்டுமே. விலை ஏறும் என்று 2014இல் நம்பினார், ஏறவில்லை, மாற்றிப் போட்டார். மறுபுறம், தனியார் காடுகள் பாதுகாப்புக்கான 1949ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலச் சட்டம். அதன் வரம்புக்குள் வந்துவிட்ட மலையோர நிலத்தில், முதிர்ந்த ரப்பர் மரத்தை வெட்டி மறுநடவு செய்யவும், மகளின் திருமணத்துக்காக நிலத்தை விற்கவும் அந்தச் சட்டப்படி அமைந்த குழுவின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். அந்த அம்மா அதைப் பற்றித்தான் வெகுநேரம் பேசினார். மதத்தைப் பற்றி நாங்கள் கேட்டபோது மட்டும் சுருக்கமாகப் பேசினார். “எங்க அண்ணனுக்கு என்னைக்கும் தாமரைதான். அவனுக்கும் எனக்கும் ஒரே கோயில்” என்றார். மாணவரின் கணிப்பு அந்த அண்ணனுக்குச் சரியாகவே பொருந்தும் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

இந்த மண்ணின் தேர்தல் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அந்த அம்மாவின் பதில் வியப்பளிக்காது. மொழியின் பெயரால் போராடி 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த மாவட்டம் இது. சொந்த ஊரான விருதுநகரில் 1967இல் தோற்ற காமராசரை, இங்கே மக்களவை உறுப்பினராக இருந்த நேசமணியின் மறைவுக்குப் பின் 1969இல் நடந்த நாகர்கோவில் இடைத்தேர்தலில் வெற்றிபெற வைத்து மக்களவைக்கு அனுப்பியதும் இதே மக்கள்தான். 1996இல் தமிழகச் சட்டமன்றத்துக்கு முதல் பாரதிய ஜனதா உறுப்பினரைத் தந்த பத்மநாபபுரம், 2016இல் தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தது. நாகர்கோவில் மக்களவைத் தொகுதி 2004இல் மார்க்சிஸ்ட் கட்சியிடம் சென்றது.

திரும்பும் வழியில் மாணவர் ஒரு தடை எழுப்பினார், நல்ல தடை. 2014இல் காங்கிரசும் தி.மு.க.வும் மார்க்சிஸ்டும் தனித்தனியே நின்றன, 2019இல் ஓரணியில் நின்றன. ஆகவே மாறியது கூட்டணிதானே தவிர மக்கள் அல்லர் என்றார். தொகுதியின் முடிவை அந்தக் கூட்டல் பெருமளவு விளக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொட்டகையில் நாம் பார்த்த அம்மாவை அது விளக்காது, ஏனென்றால் அவர் 2014இல் அந்த மூன்று கட்சிகளில் எதற்கும் போடவில்லை.

அடுத்த தேர்தலுக்குக் கணக்கெடுப்பு நடத்தப் போகும் மாணவர்கள் இந்த அரங்கில் சிலர் இருப்பதால் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வினாத்தாளில் மதம் கேட்கும் கட்டம் இருக்கட்டும். அதற்கு மேலே, மலையோரத்தில் காட்டுச் சட்டத்தைப் பற்றியும், தூத்தூர் முதல் குளச்சல் வரையுள்ள கரையில் 2017 ஒக்கிப் புயலின்போது கடலில் ஆள்தேடல் எப்படி நடந்தது என்பது பற்றியும் தலா ஒரு கேள்வி சேருங்கள். அந்தப் பதில்களை எழுத ஒரு வரி போதாது. பக்கத்தில் இடம் விட்டு வையுங்கள்.