திருந்தாத மனிதர்கள் செய்து முடித்த வேலை

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"மனித குலத்தின் எதிர்காலம் நமக்குத் தருவது அச்சமா, நம்பிக்கையா?" இதுதான் இன்றைய கேள்வி. அச்சமே என்று எனக்கு முன்னால் பேசிய அம்மா அவர்கள் போரைச் சொன்னார்கள், அணுகுண்டைச் சொன்னார்கள், சூடேறும் பூமியைச் சொன்னார்கள். எதுவும் பொய் இல்லை. ஆனால் முடிக்கும்போது, "மனிதன் திருந்தவே மாட்டான், அவனுக்கு ஏது எதிர்காலம்?" என்று கேட்டார்களே, அங்கேதான் நான் மறுக்கிறேன். மனிதன் திருந்திய பிறகுதான் நல்லது நடக்கும் என்று யார் சொன்னது? திருந்தாமலேயே அவன் செய்து முடித்த வேலைகள் இருக்கின்றன.

பெரியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்ற நோய். வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, மாரியாத்தாளிடம் மன்றாடுவதைத் தவிர நம் பாட்டிமாருக்கு வேறு வழி தெரியாத நோய். இதை உலகத்தை விட்டே ஒழிப்போம் என்ற திட்டத்தை 1958இல் முன்மொழிந்த நாடு சோவியத் யூனியன். எங்கே வைத்து முன்மொழிந்தது? அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில், உலக சுகாதார சபைக் கூட்டத்தில்! 1967இல் வேலை தீவிரமானபோது அதை வழிநடத்தியவர் டி.ஏ. ஹெண்டர்சன் என்ற அமெரிக்க மருத்துவர். தடுப்பூசி மருந்தைக் கோடிக்கணக்கில் கொடுத்தது சோவியத் நாடு. அதே ஆண்டுகளில் இந்த இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று அழிக்க அணுகுண்டுகளைக் குவித்துக்கொண்டுதான் இருந்தன. பகை தீரவில்லை, நடுவர் அவர்களே. ஆனால் 1980இல் பெரியம்மை உலகில் இல்லை என்று அறிவித்தாகிவிட்டது.

அது பழைய கதை என்பீர்கள். சரி, நம் கண்முன் நடந்ததைச் சொல்கிறேன்.

2009இல் இந்தியாவில் 741 குழந்தைகளைப் போலியோ தாக்கியது. உலகில் வேறெந்த நாட்டிலும் அந்த ஆண்டு அத்தனை பேர் இல்லை. இந்தியாதான் கடைசியாகத் தேறும் என்று நிபுணர்கள் பேசிய காலம் அது. அடுத்த இரண்டே ஆண்டில், 2011 ஜனவரி 13ஆம் தேதி மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு வந்ததுதான் கடைசி. 2014 மார்ச்சில், இங்கே போலியோ இல்லை என்ற சான்றிதழும் கிடைத்துவிட்டது.

இதைச் செய்தது யார்? மாவீரர்கள் இல்லை, மகாத்மாக்கள் இல்லை. தோளில் ஐஸ் பெட்டியை மாட்டிக்கொண்டு நடந்த பெண்கள். அந்த மருந்துக் குப்பியை அருகில் பார்த்திருக்கிறீர்களா? லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் வெளிறிய ஒரு சதுரம். சூடுபட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. வெயிலில் தெருத்தெருவாகப் போகிறவர் ஒவ்வொரு குப்பியிலும் அதைப் பார்த்துத்தான் சொட்டு விடுவார். குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரலில் மை வைப்பார். எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாயிற்று என்றால் வீட்டுச் சுவரில் 'பி' என்று சாக்பீஸால் எழுதுவார். ஒரு குழந்தை விடுபட்டாலும் 'எக்ஸ்'. எக்ஸ் போட்ட வீட்டுக்குத் திரும்ப வருவார். கதவை முகத்தில் அறைந்து சாத்திய வீட்டுக்கும் வருவார். பீகாரில் கோசி ஆற்றைக் கடந்து போனார்கள், ஓடும் ரயிலில் ஏறிக் கொடுத்தார்கள். இவர்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது.

போர் மூண்டால் எல்லாம் போச்சு என்றார்கள் அம்மா. மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1985இல், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காக இரு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைத்தன. ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் பேசி வாங்கிய அமைதி நாட்கள் அவை. போர் முடியும் வரை ஆண்டுதோறும் தொடர்ந்தன. இலங்கையிலும் போருக்கு நடுவே சொட்டு மருந்துக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்ததுண்டு. ஊசி போட்டு முடிந்ததும் மறுபடி சுட்டுக்கொண்டார்கள், அதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் எதிரியின் பிள்ளைக்கும் ஊசி போய்ச் சேரட்டும் என்று ஒத்துக்கொண்டவனும் அதே மனிதன்தானே?

இனி பூமி சூடாகிற விஷயம். எதிரணியின் வலுவான வாதம் இதுதான், இதற்கு நான் மழுப்ப மாட்டேன். முதலில் இதைப் போன்ற இன்னொரு ஆபத்தைப் பாருங்கள். வெயிலின் தீய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலம் ஓட்டையாகிறது என்று 1985இல் தெரிந்தது. அதை அரிக்கும் ரசாயனங்களை நிறுத்த 1987இல் கனடாவின் மான்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டார்கள். இன்று உலக நாடுகள் அத்தனையும் அதில் இருக்கின்றன, படலம் மெல்லத் தேறிவருகிறது. ஆனால் அங்கே நிறுத்த வேண்டியிருந்தது சில ரசாயனங்களை மட்டும், மாற்றுப் பொருளும் கிடைத்தது. கரியமில வாயு அப்படியில்லை. அடுப்பிலும் வண்டியிலும் மின்சாரத்திலும் கலந்திருக்கிறது. கடினமான வேலைதான். என்றாலும் 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் கூடி, அதே மான்ட்ரியல் ஒப்பந்தத்தை விரித்து, ஏசியிலும் ஃப்ரிட்ஜிலும் இருந்து பூமியைச் சூடாக்கும் வாயுக்களையும் குறைக்க முடிவெடுத்தார்கள். ஒழுங்காக நிறைவேற்றினால் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் சுமார் அரை டிகிரி வரை சூடு ஏறாமல் தடுக்கலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். போதுமா? போதாது. ஆனால் கையில் வேலை செய்கிற ஒரு கருவி இருக்கிறது.

போலியோ இன்னும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மிச்சமிருக்கிறதே என்று எதிரணியில் அடுத்துப் பேசுகிறவர் கேட்கலாம். உண்மைதான். பாகிஸ்தானில் சொட்டு மருந்து கொடுக்கப் போனவர்களைச் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். அடுத்த சுற்று வரும்போது, அதே பெட்டியை மாட்டிக்கொண்டு பெண்கள் கிளம்புகிறார்கள். அந்தப் பெண்களிடம் போய் எதிர்காலம் இல்லை என்று சொல்ல எதிரணியினருக்கு மனம் வருமா என்று கேட்டு, தீர்ப்பைத் தங்களிடம் விடுகிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.