முழு நைட் பார்ப்பவரின் காலை எது?

அன்பார்ந்த வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மன அழுத்தம் என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருபவர்கள் மிகக் குறைவு. நெஞ்சு படபடக்கிறது, வயிறு எரிகிறது, தலை பாரமாக இருக்கிறது என்றுதான் வருகிறார்கள். கோவைப் பக்கத்து நூற்பாலையில் வேலை செய்யும் ஒருவரும் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை கேட்டே வந்தார். மூன்று மாதங்களாக அவர் முழு நைட், அதாவது இரவு முழுவதும் வேலை செய்யும் ஷிஃப்ட், பார்க்கிறார் என்பதும், எதற்கெடுத்தாலும் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார் என்பதும் உடன் வந்த மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சோதித்துப் பார்த்தபோது இரத்த அழுத்தமும் கூடியிருந்தது.

இவற்றைத் தனித்தனி நோய்களாகப் பார்த்தால் மாத்திரைகளின் எண்ணிக்கைதான் கூடும். இவற்றை இணைப்பது உடலுக்குள் ஓடும் கடிகாரம். நம் மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிட்டுச் செல்லும் இடத்திற்குச் சற்று மேலே, அரிசி மணியளவுகூட இல்லாத ஒரு நரம்பணுத் தொகுதி இருக்கிறது. கண் வழியே வரும் வெளிச்சத்தை வைத்துப் பகல் எது, இரவு எது என்று உடலுக்கு அறிவிப்பது அதுதான். உயிரணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களிடம் ஆராய்ந்து கண்டறிந்ததற்காகவே ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கார்டிசால் என்னும் சுரப்பு இந்தக் கடிகாரத்திற்குக் கட்டுப்பட்டு நள்ளிரவையொட்டி மிகவும் குறைந்து, விடியலை நோக்கி ஏறி, கண் விழித்த அரை மணி நேரத்தையொட்டி உச்சத்தை எட்டுகிறது. நெருக்கடி வரும்போது இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி உடலை ஆயத்தப்படுத்துவதும் இதே சுரப்புதான். அது அடங்கியிருக்க வேண்டிய நேரத்தில் இயந்திர இரைச்சலும் மேற்பார்வையாளரின் அவசரமும் அதை எழுப்புகின்றன. அது ஏறிநிற்கும் காலை நேரத்தில் நாம் படுக்கப் போகிறோம். தூக்கத்தில் வழக்கமாக 10 முதல் 20 விழுக்காடு வரை தணிய வேண்டிய இரத்த அழுத்தம் பலருக்குச் சரியாகத் தணிவதில்லை. பகலில் உண்டால் ஏறும் அளவைவிட, அதே உணவை நடு இரவில் உண்டால் சர்க்கரை அதிகமாக ஏறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடலின் கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்ற பட்டியலில் 2007-லேயே சேர்த்தது.

இதில் வீட்டாருக்கும் பங்கு உண்டு. பகலில் தூங்குபவரைச் சோம்பேறி என்று பேசும் வழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. குக்கர் விசில், தபால்காரர், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வரும் உறவினர், "சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளப்பா" என்று பதினொரு மணிக்கு அன்போடு எழுப்பும் தாய் என எல்லோருமாகச் சேர்ந்து அந்தத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடுகிறார்கள். நாள்தோறும் இப்படி இரண்டு மணி நேரம் குறைந்தால், எரிச்சலும் மறதியும் காரணமற்ற துக்கமும் வராமலிருந்தால்தான் வியப்பு.

நான் அவருக்குச் சொன்னவை எளியவை. முக்கிய உணவை வேலைக்குக் கிளம்பும் முன்பே முடித்துவிட்டு, இரவில் சிறிதளவு மட்டும் உண்ணுங்கள். பின்னிரவில் தேநீர் வேண்டாம். படுக்கும் அறையின் சன்னலைத் தடித்த துணியால் மறையுங்கள். இத்தனைக்குப் பிறகும் மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், 14416 என்ற டெலி மனஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஒன்றை எங்கள் தரப்புக் குறையாகவே ஒப்புக்கொள்கிறேன். "காலை உணவுக்குப் பின் ஒன்று" என்று சீட்டில் எழுதிவிடுகிறோம். முழு நைட் பார்ப்பவருக்குக் காலை என்பது எது? அவர் எழும் மாலை நான்கு மணியா, வேலை முடிந்து வீடு திரும்பும் ஏழு மணியா? ஆகவே அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது, வலியைச் சொல்வதற்கு முன்பு எந்த ஷிஃப்ட் பார்க்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். மாத்திரையை எத்தனை மணிக்கு விழுங்க வேண்டும் என்று கேட்டு, அந்த மணியைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். நன்றி, வணக்கம்.