ஒசாகாவில் கடைசி ரயிலுக்கு முன்னும் பின்னும்

நேயர்களுக்கு வணக்கம். ஜப்பானின் ஒசாகா நகரத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் பகல் பொழுதுக்கு மணிக்கணக்குப் போட்டுத் திட்டம் வைத்திருப்பார்கள். காலையில் கோட்டை, மதியம் மீன் காட்சியகம் என்று எல்லாம் எழுதியிருக்கும். இரவு மட்டும் 'அங்கே போய்ப் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுவார்கள். அந்த இரவைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது கடைசி ரயில். நள்ளிரவு 12 மணியை ஒட்டி மெட்ரோ நின்றுவிடும். மறுபடி ஓடத் தொடங்குவது காலை 5 மணி வாக்கில். நடுவில் டாக்சிதான் கதி. அதற்கும் இரவுக் கட்டணம் என்று கூடுதலாக வாங்குவார்கள். அதனால் பதினொன்றரை மணிக்கே ஒரு முடிவெடுத்துவிட வேண்டும்: அறைக்குத் திரும்புவதா, விடிய விடிய வெளியிலேயே இருப்பதா? இரண்டும் இல்லாமல் ஒன்றரை மணிக்குத் தூக்கம் சொக்கி நடுத்தெருவில் நிற்கிறவர்களின் பாடுதான் திண்டாட்டம்.

முன்னிரவுக்கு எல்லோரும் போகிற இடம் தோத்தோன்போரி. 1615இல் வெட்டி முடித்த ஒரு கால்வாய், அதன் இரு கரையிலும் கடைகள். கால் அசைக்கும் ராட்சத நண்டு பொம்மை, கையைத் தூக்கி ஓடிவரும் ஓட்டக்காரர் இருக்கும் கிளிக்கோ மிட்டாய் நிறுவனத்தின் விளம்பரப் பலகை எல்லாம் இங்கேதான். அந்த ஓட்டக்காரர் முதலில் வந்தது 1935இல். இப்போது இருப்பது ஆறாவது பலகை, 2014இல் வைத்தது. நள்ளிரவில் அவருக்கும் விளக்கை அணைத்துவிடுவார்கள் என்பதால் படம் எடுக்க நினைப்பவர்கள் முன்னாலேயே போய்விடுங்கள்.

இந்தக் கால்வாயில் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. 1985இல் ஹன்ஷின் டைகர்ஸ் என்ற பேஸ்பால் அணி முதல்முறையாக ஜப்பான் கோப்பையை வென்றது. அதற்குச் சில வாரம் முன்னால் லீக் பட்டத்தை வென்ற கொண்டாட்டத்தில் ரசிகர்கள் ஒவ்வொரு ஆட்டக்காரரின் பெயரையும் கூப்பிட, அவர் சாயலில் இருப்பவர் தண்ணீரில் குதிக்க வேண்டும் என்று ஆட்டம் ஆடினார்கள். அணியின் நட்சத்திரம் ராண்டி பாஸ் தாடி வைத்த அமெரிக்கர். அந்தச் சாயலில் கூட்டத்தில் யார் இருப்பார்கள்? பக்கத்து கேஎஃப்சி கடை வாசலில் நின்ற, அதை நிறுவிய தாடிக்கார அமெரிக்கர் கர்னல் சாண்டர்ஸின் சிலையைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிட்டார்கள். அப்புறம் அணி பல வருடம் தோற்றுக்கொண்டே இருக்க, 'கர்னலின் சாபம்' என்று ஊரே பேசியது. சிலை 2009இல் சேற்றிலிருந்து கிடைத்தது. கோப்பை மறுபடி கிடைக்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீங்கள் மட்டும் குதித்துவிடாதீர்கள். தண்ணீர் சுத்தமில்லை, 2003இல் குதித்த ஒருவர் இறந்தும் போனார்.

என்னைக் கேட்டால் தோத்தோன்போரி பார்ப்பதற்கு, சாப்பிடுவதற்கு ஷின்செகாய். 103 மீட்டர் உயர சூத்தென்காக்கு கோபுரத்தின் அடியில் இருக்கும் பழைய பேட்டை அது. குச்சியில் குத்தி மாவில் தோய்த்துப் பொரித்த குஷிகாத்சு அங்கே பெயர்பெற்றது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே சாஸ் கிண்ணம் வைத்திருந்தால் குச்சியை ஒரு தடவைதான் முக்கலாம், கடித்த பிறகு முக்கக் கூடாது. எச்சில் பார்க்கிற நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சிரிக்க வேண்டும் என்றால் நம்பா கிராண்ட் ககேத்சு அரங்கு இருக்கிறது. இருவர் நின்று வேகமாகப் பேசும் மன்சாய் நகைச்சுவைக்கு ஒசாகாதான் தாய்வீடு. ஆனால் ஜப்பானிய மொழி தெரியாவிட்டால் பாதிக்கு மேல் புரியாது. அதைவிட தேசிய புன்ராக்கு அரங்கில் பொம்மலாட்டம் நடக்கும் மாதமாக இருந்தால் அதற்குப் போகலாம். ஒரு பொம்மையை மூன்று பேர் சேர்ந்து ஆட்டுகிறார்கள். ஆட்டுபவர்கள் கண்ணெதிரே நின்றாலும் கொஞ்ச நேரத்தில் பொம்மை மட்டும்தான் தெரியும்.

சரி, கடைசி ரயிலை விட்டுவிட முடிவெடுத்தவர்களிடம் வருவோம். இன்று அவர்கள் விடிய விடிய ஆடலாம். சில வருடங்களுக்கு முன்னால் அது சட்டப்படி குற்றம். 1948இல் போட்ட ஒரு சட்டம், வாடிக்கையாளர்கள் நடனமாடும் கடைக்குத் தனி உரிமம் வேண்டும் என்றது. உரிமம் இருந்தாலும் நள்ளிரவை ஒட்டி மூடிவிட வேண்டியிருந்தது. அந்தக் கால நடனக் கூடங்களில் விபச்சாரமும் நடந்ததுதான் காரணம். வெகுகாலம் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2010இல் அமெரிக்காமுரா பகுதியில் ஒரு கிளப் தகராறில் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்ததும், காவல்துறை பழைய சட்டத்தைத் தூசிதட்டி எடுத்தது. கடைக்குள் 'நடனமாடக் கூடாது' என்று பலகை மாட்டினார்கள். பாட்டு ஓடும், யாரும் ஆடக் கூடாது! 2012இல் நூன் என்ற கிளப்பில் சோதனை போட்டு உரிமையாளர்மேல் வழக்கும் போட்டார்கள். சட்டத்தை மாற்றக் கோரி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அந்த உரிமையாளர் எல்லா நீதிமன்றத்திலும் விடுதலையானார். சட்டமும் 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. இப்போது நிபந்தனை வெளிச்சம்தான். உள்ளே 10 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் இருந்தால் உரிமம் வாங்கி இரவு முழுக்க நடத்தலாம். படம் தொடங்கும் முன் திரையரங்கில் இருக்குமே, ஏறக்குறைய அந்த வெளிச்சம்.

ஆட்டம் வேண்டாம் என்பவர்களுக்குக் கரோக்கே. அந்த இயந்திரத்தை 1971இல் பக்கத்து கோபே நகரத்தில் உருவாக்கியவர் என்று பெயர்பெற்றவர் இனோவே தைசுகே. காப்புரிமை வாங்காமல் விட்டதால் உலகமே பாடியும் அவருக்குப் பெரிய பணம் வரவில்லை. தனி அறை எடுத்துக் காலை வரை பாடலாம். பாடாமல் தூங்குகிறவர்களும் உண்டு, கண்டுகொள்ள மாட்டார்கள். படுக்கையே வேண்டுமென்றால் கேப்சூல் ஹோட்டல். உலகத்தின் முதல் கேப்சூல் ஹோட்டல் திறந்ததே ஒசாகாவின் உமேதா பகுதியில்தான், 1979இல். கட்டடக் கலைஞர் குரோகவா கிஷோ வடிவமைத்தது. ஆள் நீட்டிப் படுக்கும் அளவு பெட்டி, அவ்வளவுதான்.

பணத்தைப் பற்றிச் சில வார்த்தை. இசகாயா மதுக்கடையில் உட்கார்ந்ததும் நீங்கள் கேட்காமலே ஒரு குட்டிக் கிண்ணத்தில் ஏதோ வரும். பல கடைகளில் அது உட்காருவதற்கான கட்டணம், பில்லில் ஏறும், சண்டை போடாதீர்கள். டிப்ஸ் கிடையாது. 20 வயது ஆகாதவர்களுக்கு மது கிடையாது. தெருவில் வழிமறித்து 'நல்ல கடை, மலிவு' என்று கூப்பிடுகிறவரின் பின்னால் மட்டும் போகவே போகாதீர்கள். உள்ளே போன பிறகு பில் வேறு கதை சொல்லும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று. காய்கறி என்று சொல்லித் தரும் பண்டத்திலும் மீன் சாறு கலந்திருக்கும், கடைக்காரர் அதை அசைவமாகவே நினைக்க மாட்டார். வெளியே அலைவதற்கு முன் ஏதாவது ஓர் இந்திய உணவகத்தில் வயிற்றை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். நன்றி, வணக்கம்.