பெயரோடு ஒட்டிக்கொண்ட தூரிகை

(மதுரையில் விளம்பர ஓவியர்கள் கூட்டத்தில் பேசியது)

பெரியோர்களே, தூரிகை பிடித்துக் கை காய்த்துப்போன நண்பர்களே,

நம் ஊரில் ஓவியரை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா? "ஆர்ட்டிஸ்ட் வந்துவிட்டாரா?" என்றுதான் கேட்பார்கள். மகாராஷ்டிரத்துக் கோலாப்பூரிலும் அதே கதைதான். 1890இல் அங்கே பிறந்த பாபுராவ் கிருஷ்ணராவ் மேஸ்திரி, கடைசிவரை பாபுராவ் பெயின்டர். சினிமாக் கம்பெனி நடத்தினார், படம் இயக்கினார், பின்னாளில் பெரிய இயக்குநரான வி. சாந்தாராமுக்குக் குருவானார். ஊர் விடவில்லை, பெயின்டர் பெயின்டர்தான். எனக்கு இதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

உறவினர் ஆனந்தராவுடன் நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிப் பழகிய கை அவருடையது. மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் கம்பெனியைத் தொடங்கிய ஊர் இது. தர்பார், காடு, தெரு என்று சீன் எழுதுகிறவருக்கு ஒரு கணக்கு உண்டு: கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரிய வேண்டும்.

அந்தக் கணக்கோடுதான் பாபுராவ் சினிமாவுக்கு வந்தார். 1920இல் 'சைரந்திரி' எடுத்தார். நமக்குத் தெரிந்த பாஞ்சாலி கதைதான். பீமன் கீசகனைக் கொல்லும் காட்சி அத்தனை தத்ரூபமாக இருந்ததால் தணிக்கையில் கத்தரி விழுந்தது. படம் எடுத்ததோடு போஸ்டரையும் தாமே வரைந்தார். இந்தியாவில் இன்று மிஞ்சியிருக்கும் சினிமா போஸ்டர்களில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது அவருடைய 'கல்யாண் கஜினா', 1924. மறுவருடமே புராணம், ராஜா எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து, லேவாதேவிக்காரனிடம் நிலத்தை இழக்கும் குடியானவனைப் படமாக்கினார். 'சாவ்காரி பாஷ்'. குடியானவனாக நடித்தவர் சாந்தாராம்.

தூரத்திலிருந்து பார்க்கும் அந்தக் கண் லேசில் வருவதில்லை. என் கதையைக் கேளுங்கள். சினிமா பேனருக்குக் காடாத் துணியில் வஜ்ரப் பசை காய்ச்சிப் பூசி, நீலப்பொடி தோய்த்த நூலைச் சுண்டிக் கட்டம் போடுவோம். புகைப்படத்தில் ஓர் அங்குலம், துணியில் ஓர் அடி. சாரத்தில் நின்று கண்ணை எழுதும்போது கண்ணே தெரியாது; ரோஸ் திட்டு, ஊதாத் திட்டு, அவ்வளவுதான். இறங்கி, தெருவைத் தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டும். இளவயதுத் திமிரில் நான் ஒருநாள் இறங்கவில்லை.

எதிர்த்த டீக்கடைக்காரர் கூவினார்: "தம்பி, கதாநாயகிக்கு ஒரு கண் கன்னத்துக்கு வந்துவிட்டது!"

அழித்து எழுதி முடிக்க இரவு இரண்டு மணி. டீக்கு மட்டும் அவர் காசு வாங்கவில்லை.