எக்ஸ்ரேயில் சரியாக இருக்கும் இடுப்பு, ஓடும்போது ஏன் ஆடுகிறது?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார். அவருடைய லாப்ரடார் குட்டிக்கு ஐந்து மாதம். ஓடும்போது பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துவைத்து முயல் போலத் தாவுகிறதாம். படுத்து எழும்போது திணறுகிறதாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இடுப்பு மூட்டு சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். "எக்ஸ்ரே பொய் சொல்லுமா டாக்டர்?" என்கிறார்.

பொய் சொல்லாது. ஆனால் குட்டியை எப்படிப் படுக்கவைத்து எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து, உள்ளதை மறைத்துவிடும்.

ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழிக்குள் குழவி உட்கார்ந்திருப்பது போல, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் தொடை எலும்பின் பந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் சுற்றி ஓர் உறை. அதற்கு மூட்டுறை என்று பெயர். இந்தக் கோளாறு வரப்போகும் குட்டிகள்கூடப் பிறக்கும்போது சரியான மூட்டோடுதான் பிறக்கின்றன. வளர வளரப் பிடி தளர்ந்து, பந்து ஒவ்வோர் அடிக்கும் வெளியே நழுவி உள்ளே வரும். விளிம்பு தேயும், கிண்ணம் ஆழமில்லாமல் போகும், பிறகு மூட்டு வாதம் வரும். ஹிப் டிஸ்பிளேசியா என்று நாங்கள் சொல்வது இதைத்தான். தளர்ச்சி முதலில் வருகிறது, எலும்பு மாற்றம் பின்னால்தான் வருகிறது. ஐந்து மாதக் குட்டியிடம் எலும்பு மாற்றத்தைத் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது.

வழக்கமாக எடுக்கும் படத்தில் குட்டியை மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால்களை நேராக நீட்டி, முழங்கால் மேலே பார்க்கும்படி உள்பக்கமாகத் திருப்புவார்கள். சிக்கல் அந்த நீட்டலில்தான் இருக்கிறது. ஈரத் துணியைப் பிழியும்போது எப்படி முறுக்கிக்கொண்டு குறுகுகிறதோ, அப்படி மூட்டுறை முறுக்கேறிப் பந்தைக் கிண்ணத்துக்குள் இழுத்துவிடுகிறது. தளர்ந்த மூட்டும் அந்த ஒரு நொடி இறுக்கமாகத் தெரியும். அந்த நிலையில் எந்த நாயும் நிற்பதுமில்லை, நடப்பதுமில்லை. மயக்க மருந்து கொடுக்காமல் நாலு பேர் பிடித்துக்கொண்டு எடுத்திருந்தால் இன்னும் மோசம். குட்டி தசையை இறுக்கிக்கொள்ளும்.

இதற்கு வழி கண்டது அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம். கெயில் ஸ்மித் என்ற கால்நடை மருத்துவர் 1980களில் அங்கே உருவாக்கிய முறைக்குப் பென்ஹிப் என்று பெயர். குட்டியை நன்றாக மயக்கி மூன்று படம் எடுப்பார்கள். ஒன்று, இப்போது சொன்ன கால் நீட்டிய படம். அடுத்ததில் நிற்கும்போது இருப்பதுபோலக் காலை வைத்து, பந்தை உள்ளே அழுத்தி எடுப்பார்கள். மூன்றாவதில் தொடைகளுக்கு நடுவே ஒரு கருவியை வைத்து, நெம்புவது போலப் பந்தை மெதுவாக வெளியே தள்ளி எடுப்பார்கள். பந்தின் மையம் கிண்ணத்தின் மையத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று அளந்து, அதைப் பந்தின் ஆரத்தால் வகுப்பார்கள். ஆரம் 10 மில்லிமீட்டர், விலகல் 6 மில்லிமீட்டர் என்றால் 0.6. இந்த எண் 0.30-க்குள் இருந்தால் பிற்காலத்தில் மூட்டு வாதம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஏற ஏற ஆபத்தும் ஏறும். 16 வாரத்திலேயே இதை எடுக்கலாம். இதற்கென்று பயிற்சி பெற்றுச் சான்று வாங்கிய மருத்துவர்தான் எடுக்க வேண்டும். அப்படி ஒருவர் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார்.

கிடைக்கவில்லை என்றால்? கையால் செய்யும் ஆர்டோலானி சோதனை இருக்கிறது. இத்தாலியக் குழந்தை மருத்துவர் ஆர்டோலானியின் பெயரால் வந்தது; மனிதக் குழந்தைகளுக்குச் செய்வதையே குட்டிகளுக்கும் செய்கிறோம். மயக்கத்தில் இருக்கும் குட்டியின் தொடையை முதுகுப் பக்கமாக அழுத்திவிட்டு மெல்ல விரித்தால், வெளியே நழுவிய பந்து "டொக்" என்று உள்ளே விழுவது கையில் தெரியும். மறுபடி எக்ஸ்ரேக்கு மயக்கம் கொடுக்கும்போது, அதோடு இதையும் செய்துவிடச் சொல்லுங்கள். மயக்க மருந்து என்றதும் பயப்படுகிறீர்கள், புரிகிறது. மயக்கம் கொடுக்காமல் எடுத்த படத்தை நம்பி ஆறு மாதம் சும்மா இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கையில் இருக்கும் படத்தை நீங்களே ஒரு முறை பாருங்கள். இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியில் இரண்டு ஓட்டைகள் தெரியும். இரண்டும் ஒரே அளவாக இல்லை என்றால் இடுப்பு சாய்ந்த நிலையில் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் ஒரு கிண்ணம் ஆழமாகவும் மற்றது ஆழமில்லாமலும் தோன்றும். இரண்டையும் நம்ப வேண்டாம்.

இன்னொன்று. இடுப்பெலும்பின் அடிப்பக்க வளர்ச்சியை மட்டும் நிறுத்தி, கிண்ணத்தைப் பந்தின்மேல் கவிழச் செய்யும் ஒரு சிறிய அறுவை சிகிச்சை உண்டு. நான்கு மாத வாக்கில் செய்தால்தான் அதற்குப் பலன். உங்கள் குட்டிக்கு அந்தக் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது; வேறு சிகிச்சைகள் இருக்கின்றன, ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை வழுக்கும் டைல்ஸ் தரையில் ஓடவிடாதீர்கள், சாக்கோ பாயோ விரியுங்கள். எடையைக் கட்டுக்குள் வையுங்கள். லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வில், கால் பங்கு குறைவாகச் சாப்பிட்ட நாய்களுக்கு இடுப்பு வாதம் குறைவாகவும் தாமதமாகவும் வந்தது. எலும்பு பலமாகும் என்று கால்சியம் டானிக் ஊற்றுகிறீர்களா? நல்ல குட்டித் தீவனம் கொடுக்கிறீர்கள் என்றால் அதை இன்றே நிறுத்துங்கள். பெரிய இனக் குட்டிகளுக்கு அதிகக் கால்சியம் கெடுதல்.

"இதை இனப்பெருக்கத்துக்கு விடலாமா?" என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நாய்களின் எலும்பு, மூட்டைப் பார்த்துச் சான்று வழங்கும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பு இரண்டு வயது முடியாமல் இடுப்புக்கு இறுதிச் சான்று கொடுப்பதில்லை. ஐந்து மாதத்திலேயே முயல் போலத் தாவும் குட்டிக்கு நான் அதுவரைகூடக் காத்திருக்க மாட்டேன். வேண்டாம் என்றுதான் சொல்வேன்.