சும்மா காசு கொடுத்தால் போதாதா?

நேயர்களுக்கு வணக்கம்.

நிலையத்தார் என்னை அழைத்தபோது, "மாரத்தான் பற்றிப் பேசுங்கள், உங்கள் ஓட்டக் குழுவினரின் சாதனைகளைச் சொல்லுங்கள்" என்றார்கள். நான் பேராக், சுங்கை சிப்புட்டில் சிறுநீரக நோயாளிகளுக்கான ரத்தச் சுத்திகரிப்பு மையம் ஒன்றில் தாதி. ஓடுவதெல்லாம் வேலைக்கு முன்னால், இருட்டோடு இருட்டாக. அதனால் ஓட்டத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தாலும் என் பேச்சு நோயாளிகள் பக்கம்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்பில் ரப்பர் தோட்டத்துப் பக்கம் பல வருடம் பால்மரம் வெட்டிய அம்மா ஒருவர் எங்கள் மையத்துக்கு வருகிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நாற்காலியில் சாய்ந்தபடி ஒரு நாள் கேட்டார்: "ஏம்மா, தர்மத்துக்கு ஓடுறோம்னு சொல்றீங்க. அந்தக் காச நேரா கையில குடுத்துட்டுப் போனா என்ன? எதுக்கு வேர்க்க விறுவிறுக்க ஓடணும்?"

நியாயமான கேள்வி. ஓடுகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டுக்கொள்வதே இல்லை என்பது என் எண்ணம்.

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். நற்பணி ஓட்டம் என்று விளம்பரம் வருகிறது. கட்டணம் கட்டுகிறோம். அதிலிருந்து டி-சட்டை, பதக்கம், மார்பு எண், நேரம் கணக்கிடக் காலணியில் கட்டும் சிப், தண்ணீர்ப் பந்தல், ஆம்புலன்ஸ், காப்புறுதி எல்லாம் போக மிஞ்சுவதுதான் தர்மம். சில இடங்களில் பதக்கம் வருடா வருடம் அகலமாகிக்கொண்டே போகிறது. பதக்கம் கொழுக்கக் கொழுக்க நன்கொடை மெலிகிறது. நான் ஓடிய ஒரு போட்டியில், பெயர் வேண்டாம், எவ்வளவு சேர்ந்தது, யாருக்குப் போனது என்று இன்றுவரை ஒரு வரி வரவில்லை. கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்கு அடுத்த போட்டியின் விளம்பரம்தான் பதிலாக வந்தது.

வேறு மாதிரியும் செய்ய முடியும். டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடா இளைஞர் புற்றுநோயால் வலது காலை இழந்தவர். 1980 ஏப்ரலில், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, செயற்கைக் காலோடு நாட்டின் குறுக்கே ஓடக் கிளம்பினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதியில் நிறுத்தினார்; மறுவருடம் காலமானார். அவர் பெயரில் நடக்கும் ஓட்டங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, வெற்றியாளரும் கிடையாது. முடிந்ததைக் கொடுக்கலாம், முடிந்த தூரம் ஓடலாம், நடக்கலாம். கோலாலம்பூரிலும் அந்த ஓட்டம் நடந்திருக்கிறது. கோலாலம்பூர் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் மாரத்தானில் வேறு ஏற்பாடு: தொண்டு அமைப்புகளுக்கு நிதி திரட்டி ஓடுகிறவர்களுக்கென்று இடம் ஒதுக்குகிறார்கள். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் தொகை தெரியும்.

எங்கள் குழு சின்னது. லோரி ஓட்டுகிற அண்ணன், தமிழ்ப்பள்ளி ஆசிரியை, இரும்புக்கடை வைத்திருக்கும் சீன அங்கிள், செம்பனை ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து நேராக ஓட வரும் தம்பிகள், நான். வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரக நோயாளிகளுக்காக நாங்களே பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடத்துகிறோம். பதக்கம் இல்லை. ஓடி முடித்ததும் பசியாற நாசி லெமாக், தேத்தண்ணி. வரவு, செலவு, மீதி மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கோயில் அறிவிப்புப் பலகையிலும் அங்கிள் கடை வாசலிலும் ஒட்டிவிடுவோம். இதைப் போல நடத்த நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வீடு வீடாகவோ தெருவிலோ பொதுமக்களிடம் நிதி திரட்ட 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். சாலையில் ஓட்டம் நடத்தப் போலீசிடமும் ஊராட்சி மன்றத்திடமும் முன்கூட்டியே போக வேண்டும். விளையாட்டுக் குழுவாகப் பதிய நினைத்தால் விளையாட்டு ஆணையர் அலுவலகம். அலைச்சல்தான், ஆனால் பிறகு யாரும் கைநீட்டிக் கேள்வி கேட்க முடியாது.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஓட்டத்தில் மிஞ்சும் தொகை உண்மையிலேயே சின்னது. அதை ஒரு உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

ஆனால் எங்கள் மையத்துக்கு வருகிறவர்களுக்குப் பணக் கஷ்டத்துக்கு அடுத்த கஷ்டம் வண்டி. சுத்திகரிப்பு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். வருடத்துக்கு 156 தடவை. நாற்பத்திரண்டு கிலோமீட்டரை நாலு மணிக்குள் முடித்தால் நாங்கள் படம் பிடித்து வாட்ஸ்அப் புலனத்தில் போட்டுக்கொள்கிறோம். இவர்கள் அதே நாலு மணியை ஒன்றுவிட்டு ஒரு நாள் உட்கார்ந்து கழிக்கிறார்கள், யாரும் கைதட்டுவதில்லை. தோட்டத்து உட்பகுதியிலிருந்து பேருந்து கிடையாது. மகன் சிங்கப்பூரில் இருப்பான், மருமகள் தொழிற்சாலையில் இருப்பாள். ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் ஏறும், பொட்டாசியம் ஏறும், இதயம் தடுமாறும். நான் தாதி, அந்த நாற்காலி காலியாக இருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஓட்டக் குழு இங்கேதான் வந்து சேர்ந்தது. முதல் வருட ஓட்டத்துக்கு நோயாளிகளில் சிலர் குடை பிடித்துக்கொண்டு கைதட்ட வந்தார்கள். அவர்களை வீட்டில் விடப் போன லோரி அண்ணன், அந்தப் பாதை எவ்வளவு தூரம் என்று அன்றுதான் பார்த்தார். அடுத்த வாரம் அவரே ஒரு பட்டியல் போட்டார்: திங்கள் யார் கார், புதன் யார் கார், வெள்ளி யார் கார். அந்தப் பட்டியல் இன்னும் ஓடுகிறது. உறையில் போட்டுக் கொடுத்திருந்தால் அவருக்கு அந்தப் பாதை தெரிந்திருக்காது.

எங்கள் ஊருக்கு இது புதிதல்ல. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், இதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அமைச்சர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டங்களை வாங்க, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்துப் பத்தாகக் கட்டலாம். அவர் தோட்டம் தோட்டமாகப் போனார், ஆட்களைப் பார்த்தார், பேசினார். ஆள் சேர்ந்ததால்தான் காசு சேர்ந்தது. பிறகு தோட்டத்து மக்கள் பட்டணத்து வீடமைப்புகளுக்கு மாறினார்கள். தோட்டத்துப் பந்து விளையாட்டும், பெரட்டுக்கு, அதாவது விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்கையில் அடித்த அரட்டையும் அதோடு போயின. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாத வாழ்க்கை வந்தது. எங்கள் தம்பிகளில் சிலர் குழுவுக்கு வருவது ஓட்டத்துக்காக இல்லை, பசியாறும் நேரத்துப் பேச்சுக்காக. எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

சாதனை சொல்லாமல் விட்டால் நிலையத்தார் கோபிப்பார்கள். லோரி அண்ணன் பினாங்குப் பாலத்து மாரத்தானில் நாலு மணி நேரத்துக்குள் முடித்தார். அப்படி முடிக்க ஒவ்வொரு கிலோமீட்டரையும் 5 நிமிடம் 41 வினாடிக்குள் ஓட வேண்டும், ஒன்றல்ல, நாற்பத்திரண்டையும். வெயிலுக்குப் பயந்து அங்கே நள்ளிரவு கழிந்து ஓரிரு மணி நேரத்திலேயே கிளப்பிவிடுவார்கள். பாலத்தின் நீளம் பதின்மூன்றரைக் கிலோமீட்டர், அதில் எட்டுக்கு மேல் கடல்மேல். காற்று பக்கவாட்டில் அடிக்கும், கீழே கறுப்பாகத் தண்ணீர். முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் தசையிலும் கல்லீரலிலும் சேமித்த சர்க்கரை தீர்ந்துபோய்க் கால் கல்லாகும். ஓடுகிறவர்கள் அதைச் சுவர் என்பார்கள். அண்ணன் அந்த இடத்தில் யாரோ தெரியாத மலாய்க்காரப் பையனோடு ஒரே வாழைப்பழத்தைப் பாதியாகப் பிட்டுத் தின்றதைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நேரத்தை நாங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆசிரியையின் கதை வேறு. அவருக்கு நீரிழிவு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் கிட்டத்தட்ட ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது மூவரில் ஒருவரை நெருங்கியது. எங்கள் நாற்காலிகள் நிறைவதற்கு முதல் காரணம் அதுதான். இவர் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இடுப்புப் பையில் மிட்டாய் வைத்துக்கொண்டு, முதலில் தெருவிளக்கு முதல் தெருவிளக்குவரை ஓடினார். ஈப்போவில் அரை மாரத்தான் முடித்தபோது பந்தல்காரர்கள் மேசையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் பின்னால் வந்தவர் லோரி அண்ணன். எங்கள் குழுவில் வேகமானவர்தான் கடைசி ஆளோடு வர வேண்டும் என்பது ஏற்பாடு, சுழற்சி முறையில். அன்று அவர் முறை. தன் நேரம் போனதே என்று ஒரு முணுமுணுப்பும் இல்லை. முணுமுணுக்கிறவர்களும் குழுவில் உண்டு. அவர்களும் முறை வந்தால் வருகிறார்கள்.

தாதியாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நீண்ட ஓட்டத்துக்கு முன்னால் முட்டிவலிக்கென்று ஐபுபுரோபன் மாதிரி மாத்திரை போட்டுக்கொள்கிற பழக்கம் பரவியிருக்கிறது. உடம்பில் நீர் வற்றும் நேரத்தில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வேண்டாம். ஓடி முடித்தபின் சிறுநீர் பால் விடாத கோப்பி-ஓ நிறத்தில் வந்தால் தசை சிதைந்து கரைகிறது என்று பொருள். வீட்டுக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அதே சமயம், பயந்துகொண்டு குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும். சிறுநீரக நோயாளிகளுக்காக ஓடிவிட்டு நம் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்வதில் என்ன புண்ணியம்?

வயதாகிவிட்டது என்கிறவர்களுக்கு ஃபௌஜா சிங். பஞ்சாபிலிருந்து இங்கிலாந்து போன விவசாயி. 89 வயதில் 2000ஆம் ஆண்டு லண்டன் மாரத்தான் ஓடினார், குறைமாதக் குழந்தைகளுக்கான தொண்டு அமைப்புக்காக. 2011இல், நூறு வயதென்று, டொராண்டோவில் 8 மணி 11 நிமிடத்தில் முடித்தார். பிறப்புப் பத்திரம் இல்லாததால் கின்னஸ் புத்தகத்தில் ஏற்கவில்லை. நம் தோட்டத்துக் கிழவர்களைக் கேளுங்கள், பிறப்புப் பத்திரம் இல்லாமல் பட்ட பாட்டை அவர்கள் ஒரு மணி நேரம் சொல்வார்கள்.

காலணி விலையைக் காரணம் சொல்லாதீர்கள். பால்வெட்டுக்குப் போட்டுக்கொண்ட அந்தக் கறுப்பு ரப்பர் காலணி, அடிடாஸ் கம்போங் என்று கேலியாகச் சொல்வோமே, அதைப் போட்டுக்கொண்டு காட்டுப்பாதையில் ஓடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். சேற்றில் வழுக்காது, கழுவினால் காய்ந்துவிடும். தார்ச்சாலையில் மட்டும் நெடுந்தூரம் வேண்டாம், குதிகால் சொல்லிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஐந்தே முக்காலுக்கு இரும்புக்கடை வாசலில் கூடுகிறோம். ஏழு மணிவரை இருட்டுதான். கைவிளக்கும் வெளிர்நிறச் சட்டையும் அவசியம். செம்பனை லோரிகள் போகும் வழியில் பழம் உதிர்ந்து கிடக்கும், பார்த்துக் கால் வையுங்கள். ஓட முடியாதவர்கள் ஏழரைக்குப் பசியாற வந்தால் போதும். கார் வைத்திருப்பவர்கள் புதன்கிழமைக்குப் பெயர் கொடுங்கள்; பட்டியலில் அந்த ஒரு நாளுக்கு ஆள் குறைகிறது.

நன்றி, வணக்கம்.