சட்டியும் அகப்பையும் ஓர் அல்பமும்

(கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வாசிகசாலையின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் பேசியது. மணி அடித்ததால் மேடையில் விழுங்கிய சில வரிகளை இங்கே திரும்பச் சேர்த்திருக்கிறேன்.)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை ஆண்டுதோறும் வாடகை கேட்காமல் தருகின்ற மருத்துவர் ஐயா அவர்களே, ஏழாம் வகுப்பில் எனக்கு ஆங்கிலம் படிப்பித்து, இன்றைக்கும் என் உச்சரிப்பில் திருப்தி அடையாத அதிபர் ஐயா அவர்களே, கறி மணத்தோடு பின்னால் எங்களைச் சோதித்துக்கொண்டிருக்கும் சமையல் குழுத் தாய்மாரே, பொருளாளர் அவர்களே, இளையோரே, எல்லோருக்கும் வணக்கம். பொருளாளரை மட்டும் இன்னொரு முறை விளிக்கிறேன். பொருளாளர் அவர்களே! ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எனக்கு முன்னால் பண்ணிசை பற்றிப் பேசிய அம்மையார் கடைசியில் இரண்டு வரி பாடியும் காட்டினார். அதற்குப் பிறகு எலெக்ட்ரிக் கிற்றார் பற்றிப் பேச எழும்புவது, தேவாரம் முடிந்த கையோடு கோயில் வீதியில் சீனவெடி கொளுத்துவது மாதிரி. அவர் பொறுத்தருள வேண்டும். தலைவர் எனக்கு இருபது நிமிடம் தந்தார். அதில் இரண்டு வணக்கத்திலேயே போய்விட்டது. ஆனால் ஒருவரை விட்டாலும் சாப்பாட்டு மேசையில் கணக்குத் தீர்ப்பார்கள்.

நான்கு விஷயம் சொல்ல வந்தேன். இன்டி இசை என்றால் என்ன, அண்மையில் வந்த எந்த இசை அல்பங்களைக் கேட்கலாம், ஒருவருக்கு ஒருவர் ஓர் அல்பத்தை எப்படிச் சொல்ல வேண்டும், நான்காவதாக, ஆங்கிலப் பாட்டின் வரிகள் விளங்காமல் போனால் என்ன செய்வது. எங்கள் அம்மம்மாவிடம் இரண்டாவது மீன் துண்டு கேட்டால், அகப்பையைச் சட்டியில் தட்டிக் காட்டி, "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்" என்பார். நான்குக்கும் விடை அதில் இருக்கிறது.

முதலாவது இன்டி. இன்டிபென்டன்ற் என்ற சொல்லை வால் நறுக்கினால் இன்டி. பெரிய இசைக் கம்பனிகளின் காசு இல்லாமல், சொந்தமாகவோ, லேபிள் என்று சொல்கிற சின்ன இசை வெளியீட்டு நிறுவனம் மூலமாகவோ பாட்டுப் போடுவது. 1977 ஜனவரியில் மான்செஸ்ரரைச் சேர்ந்த பஸ்கொக்ஸ் என்ற பங்க் இசைக்குழு 500 பவுண் கடன் வாங்கி, லேபிளுக்குத் தாங்களே ஒரு பெயரும் வைத்து, நான்கு பாட்டுகளை 1000 இசைத்தட்டுகளாக அடித்தது. ஆயிரமும் விற்றுத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டி வந்தது. கம்பனிக்காரன் வாசலில் நிற்கத் தேவையில்லை என்று மற்ற இளைஞர்களுக்கும் அப்போதுதான் துணிச்சல் வந்தது. இப்போது சொல் கொஞ்சம் நீர்த்துப் போய்விட்டது. பெரிய கம்பனியில் இருப்பவரும் கிற்றாரைச் சற்றுச் சோம்பலாக வாசித்தால் இன்டிதான். சரி, அதை விடுவோம்.

இரண்டாவது, அல்பங்கள். இதற்கு நான் உங்களை மொன்றியலுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

2024 சித்திரைக் கடைசியில் மொன்றியலில் என் மைத்துனரின் மகளுக்குக் கல்யாணம். என் அக்காவின் மகன் கார் ஓடுகிறான். நான் முன் சீற்றில். மனைவி பின் சீற்றில், வடைப் பெட்டியோடு. 401 நெடுஞ்சாலையில் ஏறியதும் மருமகன், "மாமா, ஒரு அல்பம் போடட்டே? ரெண்டு மணித்தியாலம். நடுவிலை மாத்தச் சொல்லக் கூடாது" என்றான். இளையராஜாவைப் போடச் சொல்லலாம் என்று வாய் திறந்தேன். ஆனால் கார் ஓடுகிறவனோடு எதற்குப் பிரச்சினை?

போட்டது சிண்டி லீ என்பவரின் "டைமண்ட் ஜூபிலி". 32 பாட்டுகள். அந்த நேரம் அது, இணையத்தில் பாட்டுக் கேட்கிற ஸ்பொட்டிஃபை செயலியில் இல்லை, எந்தக் கடையிலும் இல்லை. யூரியூப்பில் இரண்டு மணிநேர ஒரே கோப்பாக இருந்தது. இல்லாவிட்டால், எங்கள் பிள்ளைகள் பிறக்க முன்னைய பாணியில் கட்டிய ஓர் இணையப் பக்கத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம், விரும்பினால் 30 கனடிய டொலர் அனுப்பலாம். அவ்வளவுதான்.

முதல் பாட்டு நன்றாகத்தான் தொடங்கியது. ஓஷாவா தாண்ட, மைத்துனர் எடுத்தார். "எங்கை நிக்கிறியள்?" என் கைபேசியில் சார்ஜ் இல்லை, மருமகனுடையதில்தான் அழைப்பு. அழைப்பு வந்ததும் பாட்டு மூடிக்கொண்டது. பேசி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து போடுவான் என்று பார்த்தால், தலையிலிருந்து போடுகிறான்! கேட்டால், "அல்பத்தை இடையிலையிருந்து கேக்கிறேல்லை மாமா, படத்தை இடைவேளைக்குப் பிறகு போய்ப் பாப்பியளே?" என்கிறான். கோபர்க்கில் மைத்துனர் திரும்ப எடுத்தார். மாலை கட்டுகிறவர் வரவில்லையாம். அதற்கு நாங்கள் காரில் இருந்துகொண்டு என்ன செய்ய? திரும்பவும் முதல் பாட்டு. பெல்வில்லில் மூன்றாவது அழைப்பு. மாலை கட்டுகிறவர் வந்துவிட்டாராம். திரும்பவும் முதல் பாட்டு. இதற்குள் அந்தக் கிற்றார் எனக்கு மனப்பாடம், நான் விரலால் கதவில் தாளம் போடுகிறேன். கிங்ஸ்ரனில் தேநீருக்கு நிறுத்தியபோது, அதுவரை நித்திரை என்று நாங்கள் நினைத்திருந்த என் மனைவி கையை நீட்டி, மருமகனின் கைபேசியை வாங்கி, அழைப்பு வராதபடி செய்து திருப்பிக் கொடுத்தார். கூடப்பிறந்த தம்பியின் அழைப்பையே நிறுத்தினார் என்றால் யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலமும் தடையில்லை. அந்த இசையை எப்படிச் சொல்வேன்? 1960களின் அமெரிக்கப் பெண் குழுக்களின் மெட்டு, பக்கத்து வீட்டு வானொலியிலிருந்து கேட்கிற மாதிரி. சின்ன வயதில் இரவில் மத்திய அலையில் பாட்டு அலையலையாக வந்து தேய்ந்து போகுமே, அந்தக் கரகரப்பும் அந்த ஏக்கமும். நடுவில் திடீரென்று ஒரு கிற்றார் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு போகும்.

மனைவி கேட்டார். "என்னப்பா, ஆர் இந்தப் பெட்டை?" மருமகன் சொன்னான், பெட்டை இல்லை மாமி, கால்கரியைச் சேர்ந்த பற்றிக் ஃபிளெகல் என்ற கலைஞர், முன்பு விமென் என்ற ரொக் குழுவில் பாடியவர். பெண் வேடமிட்டுப் பாடும்போது சிண்டி லீ என்று பெயர். மனைவி கொஞ்சமும் அதிராமல், "எங்கட ஊர்க் கூத்திலை கட்டுற பெண் வேசம் மாதிரி. கண்ணகியாக ஆம்பிளை வந்து அழுதாத்தான் சனம் அழும்" என்றார். பெரிய விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் வடைப் பெட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

அதே சித்திரையில் பிட்ச்ஃபோர்க் இசைத்தளம் அந்த அல்பத்துக்கு 10க்கு 9.1 கொடுத்தது. கனடாவின் பொலாரிஸ் இசை விருதின் 2024 இறுதிப் பட்டியலிலும் அது வந்தது. விளம்பரம் இல்லை, பெரிய லேபிள் இல்லை. "இதைக் கேட்டியா?" என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிச் சொல்லித்தான் பரவியது. என் மருமகனுக்கு அவனோடு வேலை செய்யும் ஒரு பிள்ளை சொன்னது. எனக்கு மருமகன். கல்யாண வீட்டில் நான் மைத்துனருக்குச் சொன்னேன், அவர் மாலைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அம்மம்மாவிடம் வருவோம். ஸ்பொட்டிஃபை எனக்கும் வாராவாரம் புதுப் பாட்டுகள் தருகிறது. மாதக் கட்டணம் நானும் கட்டுகிறேன், அதன் எதிரி இல்லை. ஆனால் "டைமண்ட் ஜூபிலி"யை அது எனக்குத் தந்திருக்கவே முடியாது. அப்போது அதன் சட்டியில் அது இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! இருந்ததும் ஒரு நாள் இல்லாமல் போகலாம். 2025 ஜூலையில் கிங் கிசர்ட் அன்ட் த லிசர்ட் விசர்ட் என்ற அவுஸ்திரேலிய ரொக் குழு தங்கள் அல்பங்களை அங்கிருந்து எடுத்துக்கொண்டு, கலைஞர்கள் தங்கள் பாட்டை நேரடியாக விற்கிற பாண்ட்காம்ப் தளத்தில் "விரும்பிய விலை கொடுங்கள்" என்று வைத்தது. என் பட்டியலில் சேர்த்து வைத்திருந்த பாட்டுகள் எல்லாம் சாம்பல் நிறமாகிக் கிடந்தன. செத்த வீட்டுக்குப் போன மாதிரி இருந்தது.

மற்ற அல்பங்களை விரைவாகச் சொல்கிறேன், தலைவர் மணியில் கை வைத்துவிட்டார். எம். ஜே. லெண்டர்மன் என்ற வட கரோலைனா இளைஞரின் "மேனிங் ஃபயர்வேர்க்ஸ்", 2024 செப்டெம்பர். தோற்றுப்போன ஆண்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பாடுவார். பாதி மண்டபத்துக்குப் பொருந்தும், நான் உட்பட. டப்ளினில் தொடங்கிய ஃபொன்ரெய்ன்ஸ் டி.சி. குழுவின் நான்காவது அல்பம் "ரொமான்ஸ்", அதே ஆண்டு. எனக்கு அவர்களின் முதலாவது அல்பம் இதைவிடப் பிடிக்கும், மருமகன் ஒத்துக்கொள்ள மாட்டான். அப்புறம் இங்கிலாந்தின் பிளாக் கன்ட்ரி, நியூ ரோட். அவர்களின் "ஆன்ற்ஸ் ஃப்ரம் அப் தெயர்" 2022 பெப்ரவரி 4இல் வந்தது. அதற்கு நான்கு நாள் முன்னால் முன்னணிப் பாடகர் ஐசக் வூட் தன் மனநிலையைச் சொல்லி விலகினார். மிஞ்சிய ஆறு பேரும் அவர் பாடிய பாட்டுகளை மேடையில் தொடவில்லை. புதிதாகவே எழுதிக்கொண்டு மேடை ஏறினார்கள். ஒருவர் விலகினால் அவருடைய நாற்காலியில் அடுத்த நாளே இன்னொருவரை இருத்துகிற சங்கங்கள் இதைக் கவனிக்கலாம். நான் எந்தச் சங்கத்தையும் சொல்லவில்லை.

மூன்றாவது, எப்படிச் சொல்வது. எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். "கட்டாயம் கேட்க வேண்டியவை" என்று 47 அல்பங்களின் பட்டியலை ஒரே இரவில் அனுப்பினார். இன்றுவரை ஒன்றையும் கேட்கவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டு அரிசி மூட்டையை இறக்கின மாதிரி. மருமகன் ஒரு நேரம் ஒன்றுதான் சொல்வான். எப்போது கேட்க வேண்டும் என்று சொல்வான், இரவிலா, காரிலா, பாத்திரம் கழுவும்போதா என்று. அதில் என்ன குறை என்றும் சொல்லிவிடுவான். "ரெண்டாவது பாட்டு இழுவை மாமா, பொறுங்கோ." குறையைச் சொல்லித் தருகிறவனைத்தான் நான் நம்புவேன். ஒரு கிழமை கழித்து, "கேட்டியளோ?" என்று விசாரிப்பான். எந்த இயந்திரமும் இதுவரை என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

ஆனால் வாயால் சொன்னால் மட்டும் போதுமா? 2024 முதல் ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டை 12 மாதத்தில் 1000 தடவைக்குக் குறைவாகக் கேட்டிருந்தால், அந்தப் பதிவுக்குப் பணம் இல்லை. ஒரு சின்னக் குழு வான் ஒன்றில் கிற்றாரையும் டிரம்ஸையும் ஏற்றி ஊர் ஊராகப் போகிறது. பெற்றோலுக்குக் காசு எங்கிருந்து வரும்? பாண்ட்காம்பில் ஒரு டிஜிற்றல் அல்பம் வாங்கினால் தளம் வழமையாக 15 வீதம் எடுக்கும், தட்டோ இறுவட்டோ என்றால் 10 வீதம். 2020 மார்ச்சில், கொரோனா முடக்கத்தில், சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கத் தொடங்கினார்கள். ஆகவே நாங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டும். கலைஞனின் வீட்டுச் சட்டியில் இருந்தால்தானே எங்கள் அகப்பையில் வரும்?

இங்கேதான், பொருளாளர் அவர்களே, நான் உங்களை விளித்த காரணம்.

இந்த வாசிகசாலையில் ஆயிரக்கணக்கான புத்தகங்கள் இருக்கின்றன. மருத்துவர் ஐயா தந்த கலைக்களஞ்சியத் தொகுதி இருக்கிறது, அவருக்கு மீண்டும் நன்றி. இசைக்கு ஓர் அலமாரி இல்லை. மூன்று வருடமாக மனுக் கொடுக்கிறேன். முதல் வருடம் இடம் இல்லை என்றீர்கள். இரண்டாம் வருடம், "பிள்ளைகள் கைபேசியில் கேட்கிறார்கள்தானே" என்றீர்கள். மூன்றாம் வருடம் என் மனுவே தொலைந்துபோனது. நான் கேட்பது ஒரேயொரு அலமாரி. மாதம் ஒரு அல்பம், காசு கொடுத்து வாங்கியது. பண்ணிசையும் இருக்கட்டும், நாதஸ்வரமும் இருக்கட்டும், இந்தக் கரகரத்த கிற்றாரும் இருக்கட்டும். ஒவ்வொன்றின் உறைக்குள்ளும் ஒரு துண்டுத் தாள் வைப்போம். அதைச் சொன்னவரின் பெயர், எப்போது கேட்க வேண்டும், என்ன குறை. எடுத்துக்கொண்டு போகிறவர் திருப்பித் தரும்போது கீழே தன் கருத்தை எழுதட்டும். பேரன் எழுதியதற்குக் கீழே தாத்தா எழுதட்டும். அதிபர் ஐயா எழுத்துப் பிழையைத் திருத்தட்டும்.

மணி அடித்துவிட்டது. நான்காவது விஷயம், பாட்டு வரிகள், அடுத்த வருடம். எனக்கும் பாதி விளங்குவதில்லை.

கடைசியாக ஒன்று. இந்தப் பையில் மூன்று அல்பங்கள் கொண்டுவந்திருக்கிறேன். லெண்டர்மன், பிளாக் கன்ட்ரி நியூ ரோட், பிறகு 2025இல் மூன்று இசைத்தட்டுகளாக வந்த "டைமண்ட் ஜூபிலி". எல்லாம் என் செலவு. அலமாரி வரும்வரை பொருளாளரின் மேசையில் வைக்கிறேன், பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும். கொப்பியில் முதல் பெயர் என் மருமகனுடையது. இரண்டாவது வரியைப் பொருளாளருக்காக வெறுமையாக விட்டிருக்கிறேன். இசைத்தட்டைப் போட இங்கே ரெக்கோட் பிளேயர் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த மனு தனியாக வரும். வணக்கம்.